குறிப்பில் உள்ளபடி

மிருணாளினி தன்னுடைய முப்பத்து மூன்றாவது வயதில், வாழ்க்கையில் முதன்முறையாக, பனிச்சறுக்குச் சப்பாத்துக்குள் கால் நுழைத்த இடம் பாரிஸ் லா சப்பலில் அப்பாவின் கடைப் பின்னறை. ஒரு பக்கம் குத்தரிசி மூட்டைகள், மறுபக்கம் கருவாட்டுப் பெட்டிகள், நடுவில் ஒரு பிளாஸ்டிக் கதிரை. வாடகைக்கு எடுத்த அந்தச் சப்பாத்துக்கு நான்கு கொளுக்கிகள் இருந்தன. நான்கையும் பூட்டிக்கொண்டு எழுந்தபோது முழங்காலுக்குக் கீழே இருப்பது தன்னுடையதல்ல, யாரோ பார்த்துக்கொள்ளச் சொல்லி வைத்துவிட்டுப் போன சாமான் என்று அவளுக்குத் தோன்றியது.

"நட பாப்பம், பிள்ளை," என்றார் அப்பா.

நடந்தாள். சீமெந்துத் தரையில் டக், டக் என்று சத்தம் எழுந்தது. கடையின் முன்பக்கத்தில் முருங்கைக்காய் தெரிந்தெடுத்துக்கொண்டிருந்த ஒரு அம்மா, "உள்ளுக்கு என்ன, தச்சுவேலையோ நடக்குது?" என்று கேட்டார். அப்பா மகேந்திரராசா காலையிலிருந்து இப்படியொரு கேள்விக்காகத்தான் காத்திருந்தார். பின்னறைக் கதவை இன்னும் கொஞ்சம் அகலத் திறந்துவைத்து, கடையில் நின்ற எல்லோருக்கும் கேட்கும்படியாக, "இல்லையக்கா, மகள் ஸ்கீக்கு ஆயத்தப்படுத்திறா. வாற சனிக்கிழமை குடும்பமாய்ப் போறம். உந்த லிப்டிலை ஏறி இறங்கிற ஸ்கீ இல்லை. மலையிலை நாங்களே ஏறி, நாங்களே இறங்கிற ஸ்கீ," என்றார்.

"ஏன், லிப்ட் பழுதோ?" என்றார் அந்த அம்மா.

மகேந்திரராசா இரண்டு சங்கங்களுக்குத் தலைவர், மூன்றாவது ஒன்றுக்குப் போஷகர். விழா அழைப்பிதழ்களில் அவருடைய பெயருக்கு முன்னால் வரும் 'சமூகச் செம்மல்' என்ற பட்டத்தை எந்தக் கூட்டத்தில் யார் முன்மொழிந்தார்கள் என்பது கூட்டக் குறிப்பேட்டில் இல்லை. அன்று வந்திருந்தவர்கள் மூன்று பேர். அதில் இருவர் தேத்தண்ணி குடிக்க வெளியே போயிருந்த நேரத்தில் அது ஏகமனதாக நிறைவேறியது. வருட முடிவில் வாடிக்கையாளர்களுக்குக் கடை கொடுக்கும் நாட்காட்டியில் மேலே மகாலட்சுமி இருப்பார், கீழே அவர் இருப்பார். இருவரும் ஒரே அளவு. அந்த நாட்காட்டியில் அவருக்குத் தனிப் பெருமை உண்டு. அதிலுள்ள ராகுகாலம் யாழ்ப்பாணத்துச் சூரியனுக்கு உரியதல்ல, பாரிஸ் சூரியனுக்கென்று தனியாகக் கணிக்கப்பட்டது.

ஸ்கீ வந்தது ஒரு வரியிலிருந்து. கலியாணத் தரகர் தவரத்தினம் மெட்ரோவில் ஒரு பிளாஸ்டிக் கோப்போடு ஐரோப்பாவின் பாதித் திருமணங்களைத் தூக்கிக்கொண்டு திரிபவர். மிருணாளினியின் சாதகக் குறிப்பு அவருடைய கோப்பில் ஏழு வருடங்களாக இருந்தது. முதலில் முன்பக்கத்தில் இருந்தது, பிறகு நடுவில், இப்போது கிட்டத்தட்டக் கடைசியில். நட்சத்திரம், கிரக பாவம், உயரம், படிப்பு, ஒபர்வில்லியேயில் ஒரு மொத்த வியாபாரக் கம்பனியில் அலுவலக வேலை என்று எல்லாம் எழுதிய பிறகும் தாளின் அடியில் இரண்டு விரல் இடம் மிச்சம் இருந்தது. வெறுமையான இடம் பொம்பிளைக்குக் கூடாது என்பது தவரத்தினத்தின் கொள்கை. வரவேற்பறைச் சுவரில் 2009ஆம் ஆண்டு சங்கம் பஸ் பிடித்துப் பனி பார்க்கப் போன படம் தொங்கியது. அதில் மகேந்திரராசா இரண்டு ஸ்கீகளை வேல் பிடிப்பதுபோல் பிடித்துக்கொண்டு நிற்கிறார். அவை கழிவறைக்குப் போன ஒரு பிரெஞ்சுக்காரர் மரத்தில் சாத்திவிட்டுப் போனவை. அவர் திரும்பி வருவதற்குள் சங்கத்தில் பதினாறு பேர் அவற்றோடு படம் எடுத்துவிட்டார்கள். தவரத்தினம் படத்தைப் பார்த்தார், தாளைப் பார்த்தார், எழுதினார்: 'குடும்பமாகப் பனிச்சறுக்குப் பழக்கம் உண்டு.'

அந்த வரியை வாசித்துவிட்டு மகேந்திரராசா மறுத்திருக்கலாம். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "பழக்கம் எண்டதுக்குப் பதிலா ஈடுபாடு எண்டு போட்டால் இன்னும் கௌரவமாய் இருக்கும்," என்று மட்டும் சொன்னார். இரண்டும் போடப்பட்டன.

ஆறு மாதத்தில் சுவிசிலிருந்து, பேர்ன் நகரத்திலிருந்து, பதில் வந்தது. பெயர் கரிகாலன், முப்பத்தாறு வயது, பொறியியலாளர், பெற்றோரில் தாயார் மட்டும், மாப்பிள்ளை தனியாக வசிக்கிறார். சாதகம் பொருந்தியது. இதற்குமுன் ஏழு இடங்களிலிருந்து 'வேண்டாம்' வந்திருந்தது. தவரத்தினம் அந்தச் சொல்லை ஒருபோதும் அப்படியே கொண்டுவருவதில்லை. "அவையள் கொஞ்சம் யோசிக்கினமாம்" என்று பட்டுத்துணியில் சுற்றித்தான் கொண்டுவருவார். டொரன்டோ யோசித்தது, டென்மார்க் யோசித்தது, பக்கத்திலிருந்த பொபினிகூட நேரில் வந்து இரண்டு தட்டு சிற்றுண்டி சாப்பிட்டுவிட்டு யோசித்தது. யாரும் இன்னும் யோசித்து முடிக்கவில்லை.

கரிகாலன் அப்படியில்லை. தொலைபேசியில் நான்கு முறை பேசினான். அவளுக்கு ஜெர்மன் தெரியாது, அவனுக்குப் பிரெஞ்சு ஓடாது. இருவருக்கும் பொதுவாக இருந்தது அவரவர் அம்மாமாரிடம் கற்ற தமிழ் மட்டும். சாப்பிட்டாச்சோ, குளிருதோ, வேலை எப்பிடி என்பவற்றுக்கு அது தாராளமாகப் போதும். அதற்கப்பால் சொல் இல்லாத இடங்களில் இருவரும் சிரித்தார்கள். பாரிஸ் புறநகர் ஸ்தேனில் ஏழாம் மாடி வீட்டில், இரவில் கட்டிலாக விரியும் வரவேற்பறைச் சோபாவில் படுத்துக்கொண்டு மிருணாளினி அந்தச் சிரிப்பைத் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்த்தாள். அவளுக்கு வேண்டியது பெரிதாக ஒன்றுமில்லை. உள்ளே போனால் சாத்திக்கொள்ளக்கூடிய ஒரு கதவு, அந்தக் கதவுக்கு இந்தப் பக்கம் அப்படிச் சிரிக்கிற ஒரு ஆள். இதை யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் அதுவும் குறிப்பில் ஏறிவிடும்.

நான்காவது அழைப்பில் அவன் கேட்டான். "ஒருக்கா மலைக்குப் போவமோ? உங்கடை குடும்பமே ஸ்கீ எண்டு கிடக்கு. மலையிலைதான் ஆக்களை அறியலாம்." பருவம் இன்னும் தொடங்கவில்லை, பனி மெல்லிசு, ஜனவரி என்றால் நல்லது என்றும் சொன்னான். ஆனால் டிசம்பர் பதினாறு மார்கழி பிறக்கிறது. மார்கழியில் கலியாணப் பேச்சு எடுப்பதில்லை. தை வரைக்கும் காத்திருந்தால் பேர்னும் யோசிக்கத் தொடங்கிவிடும் என்று நாகேஸ்வரி, மிருணாளினியின் அம்மா, பயந்தார். ஆகவே 2016 டிசம்பர் பத்து, சனிக்கிழமை என்று முடிவாயிற்று. சனிக்கிழமை பெண் பார்க்க ஆகாதே என்று கேட்டதற்குத் தவரத்தினம், "இது பொம்பிளை பாக்கிறதில்லை, ஸ்போர், விளையாட்டு. ஸ்போருக்குச் சனி நல்லம்," என்றார்.

பெண்ணைத் தனியாக ஒரு ஆடவனோடு மலைக்கு அனுப்புவது என்ற பேச்சுக்கே இடமில்லை. மகேந்திரராசா, நாகேஸ்வரி, தவரத்தினம் மூவரும் காவலுக்குப் போவதென்று ஏற்பாடு. வாடகைக் கடையில் மகேந்திரராசா கேட்டுத் தெரிந்துகொண்டார்: ஸ்கீயின் அடியில் மயிர்ப்பட்டி ஒன்றை ஒட்டினால் பின்னுக்கு வழுக்காது, மலையில் நடந்தே ஏறலாம். உச்சியில் பட்டியை உரித்துவிட்டுச் சறுக்கி இறங்கவேண்டும். "பாதி நடை," என்று வீட்டில் அறிவித்தார். "நடக்க எங்களுக்கு ஆரும் பழக்கத் தேவையில்லை." மற்றப் பாதியைப் பற்றி அவர் பேசவில்லை. மிருணாளினி பேசினாள், தனக்குள். மூன்று வாரம் ஒவ்வொரு மாலையும் முதுகுப்பையில் ஐந்து கிலோ அரிசியை வைத்துக்கொண்டு ஏழு மாடியையும் ஏறி இறங்கினாள். இறங்குவதைப் பற்றிக் காணொளிகள் பார்த்தாள். ஒரு பிரெஞ்சுப் பெண் முழங்காலை வளைத்து, பீட்சாத் துண்டு மாதிரிக் கால்களை வையுங்கள் என்று சொல்லிக்கொடுத்தாள். சோபாவுக்கும் தொலைக்காட்சிக்கும் நடுவில் மிருணாளினி பீட்சாத் துண்டு மாதிரி நின்றாள்.

வெள்ளிக்கிழமை மாலை வான் வண்டியில் புறப்பட்டு, பிரெஞ்சு ஆல்ப்ஸில் அன்னசிக்கு அப்பால் ஒரு சின்ன மலையூரில் தங்கினார்கள். காலையில் பார்த்தபோது ஊரின் சறுக்குமிடம் பூட்டிக் கிடந்தது. லிப்ட் கதிரைகள் கம்பியில் அசையாமல் தொங்கின. சரிவு பச்சைப் புல்லும் கல்லுமாக இருந்தது. மேலே காட்டுக்குள் போகும் பாதையில்தான் பனி தொடங்கியது. கரிகாலன் எட்டு மணிக்கே வாகனத் தரிப்பிடத்தில் நின்றான். படத்தில் இருந்ததைவிட உயரம், தலைமயிர் கொஞ்சம் குறைவு. "வணக்கம் அங்கிள்," என்று கையை நீட்டினான். மகேந்திரராசா தலைக்கவசமும் பனிக்கண்ணாடியும் அணிந்து, காலைச் சாப்பாட்டையும் அந்தக் கோலத்தில்தான் முடித்துவிட்டு வந்திருந்தார். வாடகைக் கடையின் நாற்பத்தேழாம் இலக்கம் தலைக்குப் பின்னால் ஒட்டியிருந்தது.

புறப்படலாமா என்று கரிகாலன் கேட்டபோது தவரத்தினம் கையை உயர்த்தினார். சனிக்கிழமை ஒன்பதிலிருந்து பத்தரை ராகுகாலம். இப்போது வெளிக்கிட்டாலும் பாதை தொடங்கும் இடத்துக்குப் போகும்போது அதற்குள் அகப்பட்டுவிடுவோம், பத்தரை வரை இருப்போம் என்றார். கரிகாலன் தலையாட்டிவிட்டு ஒரு கல்லில் உட்கார்ந்தான். பத்தரைக்கு எல்லோரும் எழுந்தார்கள். இப்போது மகேந்திரராசா கையை உயர்த்தினார்.

"அது ஊர் ராகுகாலம். இஞ்சை பொழுது விடியிறதே எட்டரைக்கு. எங்கடை நாட்காட்டிப்படி பத்து முப்பத்தி நாலிலையிருந்து பதினொண்டு முப்பத்தேழு."

"அண்ணை, ராகு எல்லா இடத்திலையும் ஒராள்தான்," என்றார் தவரத்தினம்.

"ராகு ஒராள்தான். சூரியன் இஞ்சை வேறை நேரம் வருதெல்லோ?"

இருவரும் விட்டுக்கொடுக்கவில்லை. ஒருவருடையது பரம்பரை, மற்றவருடையது நாலாயிரம் பிரதி அச்சடித்தது. கடைசியில் இரண்டு ராகுகாலத்தையும் கழிப்பது என்று சமாதானம் வந்தது. குறுகிய டிசம்பர் பகலில் மூன்றரை மணித்தியாலம் ஐந்து பேரும் வெயிலில் உட்கார்ந்திருந்தார்கள். கரிகாலன் ஒரு முழுச் சொக்கலேட்டைத் துண்டு துண்டாக உடைத்துத் தின்று முடித்தான். இடையிடையே நேரத்தைப் பார்த்தான். அவனுக்கு ஆத்திரம் வந்ததாகத் தெரியவில்லை. அதை நாகேஸ்வரி பொறுமை என்று எடுத்துக்கொண்டு, வான் வண்டியில் வைத்திருந்த புட்டிலும் முட்டைப்பொரியலிலும் பாதியை அவனுக்குக் கொடுத்தார்.

பதினொன்று முப்பத்தெட்டுக்கு அவன் மிருணாளினியின் முன்னால் முழங்காலில் இருந்து, அவள் சப்பாத்தின் நுனியை ஸ்கீயின் பூட்டில் பொருத்தினான். பூட்டு ஒரே தடவையில் விழவில்லை. அவள் காலை இரண்டு கையாலும் பிடித்து, தூக்கி, மறுபடி வைத்தான். நாகேஸ்வரி முகத்தை அப்பால் திருப்பிக் கண்ணைத் துடைத்தார். அம்மி மிதிக்கும்போதுகூட மாப்பிள்ளைமார் இவ்வளவு நேரம் காலைப் பிடிப்பதில்லை. மகேந்திரராசா அந்தக் காட்சியை மூன்று கோணத்தில் எடுத்தார். 'எமது குடும்பப் பனிமலைப் பயணம், சுவிஸ் மாப்பிள்ளையுடன்' என்று எழுதி, இருநூற்றுப் பன்னிரண்டு பேர் இருக்கும் சங்க வாட்சப் குழுவுக்கு அனுப்பினார். மாப்பிள்ளை என்ற சொல்லில் விரல் ஒருகணம் தயங்கியது. பிறகு அழுத்தியது. முதல் வாழ்த்து டொரன்டோவிலிருந்து, அங்கே காலை ஆறு மணிக்கும் முன்னர், வந்தது.

காவல்படை பனிநடைத் தட்டுகளைக் காலில் கட்டிக்கொண்டு கிளம்பியது. நானூறு மீற்றரில் தவரத்தினம் ஒரு வேலிக்கட்டையில் உட்கார்ந்து, தனக்குச் சீனி வருத்தம் இருப்பதை எல்லோருக்கும் நினைவூட்டினார். மகேந்திரராசா ஒரு வளைவு தாண்டும்வரை தலைவராக முன்னால் நடந்தார். பிறகு ஒரு மரப்பாலத்தடியில் தடியை ஊன்றிக்கொண்டு, இயற்கையை ரசிக்கத் தொடங்கினார். மூச்சு வாங்கிய சத்தத்தில் அருகில் ஓடிய நீர்ச்சத்தம் கேட்கவில்லை. நாகேஸ்வரி மட்டும் இன்னும் கொஞ்சம் வந்தார். இடுப்பில் செருகிய சால்வையோடு, பள்ளங்களில் சேர்ந்த பனியில் தொடைவரை இரண்டு தடவை புதைந்து எழும்பி வந்தார். மூன்றாவது தடவை புதைந்தபோது மகளைப் பார்த்து, "நீ போ, பிள்ளை," என்றார்.

கீழே இருந்து அப்பாவின் குரல் வந்தது. "கண்ணுக்குத் தெரியிற தூரத்திலை போங்கோ."

"சே பொன், அப்பா, சரி," என்று கத்திவிட்டு மிருணாளினி அடுத்த வளைவில் மறைந்தாள்.

ஏறுவது அவளுக்கு வந்தது. அவளுக்கே நம்பமுடியாமல் இருந்தது. ஒரு காலைத் தள்ளு, மற்றக் காலைத் தள்ளு. மயிர்ப்பட்டி பனியைப் பிடித்துக்கொண்டது. ஏழு மாடிப் படிகளில் மூன்று வாரம் ஊறிய கால்கள் தம் வேலையைச் செய்தன. பனி மெல்லிசாக இருந்ததால் இடையிடையே கல் தட்டி ஸ்கீயின் அடி கிரீச்சிட்டது, புல்நுனிகள் வெள்ளைக்குள்ளிருந்து குத்திக்கொண்டு நின்றன. காடு முடிந்து வெளி வந்தது. கரிகாலன் முன்னால் போய்க்கொண்டிருந்தான். பத்து நிமிடத்துக்கொருமுறை திரும்பிப் பார்த்தான். "களைப்பெண்டால் திரும்பலாம், பிரச்சினை இல்லை," என்றான். "இல்லை, பரவாயில்லை," என்றாள். அவன் வேகத்தைக் கூட்டினான். அவளும் கூட்டினாள். மறுபடி திரும்பிப் பார்த்தான். "கால் நோகேல்லையோ?" "நோகுது. போவம்." ஒவ்வொரு தடவையும் அவன் முகத்தில் ஏதோ ஒன்று ஏறுவதை அவள் கண்டாள். வியப்பு என்று நினைத்தாள். இந்த மலையில் முதுகு வியர்த்து, மூக்கு ஒழுகி, தலைமயிர் கன்னத்தில் ஒட்டிக்கொண்டு நிற்கிற இந்தக் கோலத்தில்தான் முதன்முதலாக ஒருவன் தன்னைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறான் என்று நினைத்தபோது அவளுக்குச் சிரிப்பு வந்தது. முன்பு பார்க்க வந்தவர்களுக்குப் பட்டுச்சேலையோடு தட்டு ஏந்தியதெல்லாம் வீண்.

மூன்று மணியளவில் மேட்டின் விளிம்புக்கு வந்தார்கள். காற்று பனியைச் சீவி எடுத்திருந்தது. கறுப்புக் கற்கள் தெரிந்தன. எதிரே மலைகள் வரிசையாக நின்றன. அழகாகத்தான் இருந்திருக்க வேண்டும், அவள் கவனிக்கவில்லை. கரிகாலன் போத்தலிலிருந்து மூடியில் தேத்தண்ணி ஊற்றி அவளுக்குக் கொடுத்தான். பிறகு தன் தடியின் நுனியால் பனியில் குத்திக்கொண்டே சொன்னான்.

"மற்றாக்கள் எல்லாம் கீழ அந்த மரப்பாலம் மாதிரி ஒரு இடத்திலையே திரும்பிட்டினம்."

"எந்த மற்றாக்கள்?"

"நோர்வேயிலையிருந்து ஒராள் வந்தவ. பிறகு லண்டன். போன வருசம் சுவிசுக்குள்ளையே ஒராள்." ஒவ்வொரு நாட்டுக்கும் பனியில் ஒரு குத்து விழுந்தது. "குளிர், கால் நோ. தகப்பன்மாருக்குக் கோபம் வந்திடும், பொம்பிளைப் பிள்ளையை மலையிலை ஏத்திறானாம் எண்டு. பிறகு அவையளே வேண்டாம் எண்டு சொல்லிவிடுவினம்."

தேத்தண்ணி சூடாக இருந்தது. அவள் அதைக் குடிக்காமல் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"நீங்கள் வேண்டாம் எண்டு சொல்லுறேல்லையோ?"

"நான் எப்பிடிச் சொல்லுறது? அம்மா சாப்பிடாமல் படுத்திடுவா. பொம்பிளை வீட்டுக்காரர் வேண்டாம் எண்டால் அம்மாவாலை ஒண்டும் செய்யேலாதெல்லோ." பிறகு, அதுவரை தமிழில் யாரிடமும் சொல்லிப் பழகாத ஒரு பெயரை, சோற்றில் கல் கடித்தவன்போல் வெளியே எடுத்தான். "மர்கரீத் எண்டு ஒராள். ஆறு வருசம். என்னோடதான் இருக்கிறா."

"அம்மாவுக்குத் தெரியாதோ?"

"வீட்டிலை ஒரு அறையை வாடகைக்குக் குடுத்திருக்கிறன் எண்டு சொல்லி வைச்சிருக்கிறன். அம்மா அவவுக்கும் சேர்த்துத்தான் கறி குடுத்து விடுறவ."

அவன் நிமிர்ந்தான். இறக்கிவைத்தவனின் ஆறுதல் முகத்தில் வந்திருந்தது. "நான் ஒருத்தரையும் ஏமாத்தேல்லை. ஒருத்தரையும் வேண்டாம் எண்டு சொல்லி அவமானப்படுத்தினதும் இல்லை. நீங்கள் இவ்வளவு தூரம் ஏறுவீங்கள் எண்டு நான் நினைக்கேல்லை. அதுதான் சொல்லவேண்டி வந்திட்டுது." அவன் குரலில் உண்மையாகவே ஒரு மரியாதை இருந்தது. அந்த மரியாதையைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

"எனக்கு இறங்கத் தெரியாது," என்றாள் மிருணாளினி.

"எண்டால்?"

"ஸ்கீ தெரியாது. இண்டைக்குத்தான் முதல்முதலாய்ப் போடுறன்."

அவன் அவளைப் பார்த்தான். சரிவைப் பார்த்தான். சூரியன் எதிர்மலையின் தோளுக்கு வந்துகொண்டிருந்ததைப் பார்த்தான். "குறிப்பிலை குடும்பமாய்ப் பழக்கம் எண்டு போட்டிருந்தது," என்றான், ஏமாற்றப்பட்டவனின் குரலில்.

"உங்கடை குறிப்பிலை தனிய இருக்கிறீங்கள் எண்டு போட்டிருந்தது."

அவளுடைய சட்டைப்பைக்குள் தொலைபேசி நடுங்கியது. மேட்டில் தொடர்பு கிடைத்துவிட்டது போலும். நடுங்கியது, நின்றது, மறுபடி நடுங்கியது. வாழ்த்துகள் வந்துகொண்டிருந்தன.

"அப்ப, வேண்டாம் எண்டு சொல்லுவீங்கள்தானே?" என்று கேட்டான் அவன். பணிவாக, ஒரு உதவி கேட்பதுபோல.

ஏழு வருடமாக அந்தச் சொல் பிறரிடமிருந்துதான் வந்தது. இப்போது ஒருவன் அதை அவளிடம் கையேந்திக் கேட்கிறான். சொன்னால் என்ன நடக்கும் என்று அவளுக்குத் தெரியும். அப்பா அனுப்பிய படத்தை இருநூற்றுப் பன்னிரண்டு பேர் பார்த்தாயிற்று. முப்பத்து மூன்று வயதில் சுவிஸ் மாப்பிள்ளையை வேண்டாமென்ற பெண் என்று தமிழ்க்கடைகள் நிறைந்த ரூ து ஃபொபூர் சேன்-தெனி முழுவதும் ஒரு கிழமை பேசும். தவரத்தினம் கோப்பைத் திறந்து, கடைசிப் பக்கத்திலிருந்து அவளுடைய தாளை உருவி எடுத்துவிடுவார். சோபா இரவில் விரியும், காலையில் மடியும். காரணத்தைச் சொல்லலாம். சொன்னால் அவன் அம்மா பேர்னில் படுத்துவிடுவார், அப்பாவுக்கோ காரணத்தைவிடப் படம்தான் பெரிது.

"நான் ஓம் எண்டு சொன்னால்?" என்று கேட்டாள்.

கரிகாலன் வாயைத் திறந்தான். அவன் அம்மாவின் தமிழில் அதற்குப் பதில் இருக்கவில்லை. அவன் மர்கரீத்தோடு பேசும் மொழியில் ஒருவேளை இருந்திருக்கலாம். முகத்தில் இருந்த ஆறுதல் மெல்ல வடிந்து போவதை மிருணாளினி பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் மறுக்கமாட்டான். மறுக்கத் தெரியாதவன். அவள் ஓம் என்றால் தையில் கலியாணம் நடக்கும். மண்டபம் எடுப்பார்கள், சமூகச் செம்மல் பட்டு வேட்டியில் வாசலில் நிற்பார், பேர்னில் ஒரு அறை வாடகைக்கு விடப்பட்டபடியே இருக்கும். சாத்திக்கொள்ள அவளுக்கும் ஒரு கதவு கிடைக்கும். இவ்வளவையும் தன்னால் ஒரு சொல்லில் செய்யமுடியும் என்பது அவளுக்குக் குளிரைவிடப் பயமாக இருந்தது.

தேத்தண்ணியைப் பனியில் ஊற்றிவிட்டு மூடியைத் திருப்பிக் கொடுத்தாள்.

இறங்கத் தொடங்கினார்கள். பட்டியை உரித்த ஸ்கீ அவள் சொல்கேட்கவில்லை. சோபாவுக்கு முன்னால் வந்த பீட்சாத் துண்டு இங்கே வரவில்லை. முதல் முப்பது மீற்றரில் நான்கு முறை விழுந்தாள். நான்காவது முறை இடுப்புக்கடியில் கல் இருந்தது. கரிகாலன் கையைக் கொடுத்தான். அவள் பிடிக்கவில்லை. ஸ்கீயைக் கழற்றித் தோளில் வைத்துக்கொண்டு நடந்தாள். பள்ளங்களில் காற்று குவித்த பனி உடைந்து தொடைவரை உள்வாங்கியது. "நான் தூக்கிறன், தாங்கோ," என்றான். "வேண்டாம்," என்றாள். அந்தச் சொல் வந்ததும் அவன் சட்டென்று நிமிர்ந்து பார்த்தான். அது ஸ்கீக்கு மட்டும்தான் என்று புரிந்ததும் தலையைக் குனிந்துகொண்டான். பிறகு அவன் முன்னால் இருபது மீற்றர் அழகாக வளைந்து சறுக்கிப்போய் நிற்பான். அவள் வந்து சேர்வாள். மறுபடி சறுக்குவான். இப்படியே ஒன்றரை மணித்தியாலம். காட்டுக்குள் வந்தபோது வெயில் போய்விட்டது. மரப்பாலத்தடியில் யாரும் இல்லை. காவல்படையின் தட்டுத் தடங்கள் மட்டும் ஒன்றையொன்று மிதித்துக்கொண்டு கீழே போயிருந்தன.

காட்டு விளிம்பில் வந்து நின்றபோது கீழே வாகனத் தரிப்பிடம் தெரிந்தது. வான் வண்டிக்குப் பக்கத்தில், பூட்டிய சறுக்குமிடத்தின் புல் ஓரமாக மூன்று பேரும் நின்றார்கள். அந்த நேரம் பார்த்துச் சரிவின் ஓரத்தில் நிரையாக நின்ற இயந்திரங்கள் ஒன்றன்பின் ஒன்றாக உறுமத் தொடங்கின. ஊரார் பருவத்துக்கு ஆயத்தம் செய்கிறார்கள். குழாய்களின் வாயிலிருந்து வெண்புகைபோல் நீர் பீறிட்டு, காற்றிலேயே உறைந்து, பச்சைப் புல்லின்மேல் விழுந்தது. அப்பாவுக்கு அது இயந்திரத்திலிருந்து வருவது தெரியவில்லைப் போலும். இரண்டு கையையும் விரித்து வானத்தை அண்ணாந்து பார்த்தார். தவரத்தினம் சகுனம் கண்டவராகக் கைகூப்பினார். அம்மா மட்டும் மேலே, காட்டுப் பக்கம், கையைப் புருவத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டு நின்றார். அவருடைய தலைமயிர் கொஞ்சம் கொஞ்சமாக வெளுத்துக்கொண்டு வந்தது.

அப்பா அவளைக் கண்டுவிட்டார். ஏதோ கத்தினார். இயந்திர உறுமலில் ஒன்றும் கேட்கவில்லை. வாய் அசைந்தது, நின்றது, மறுபடி அசைந்தது. கரிகாலன் அவளுக்குப் பின்னால் மூன்றடி தள்ளி நின்றான். குரல் எட்டாது என்று தெரிந்ததும் அப்பா கையை உயர்த்தி, ஐந்து விரலையும் விரித்து, மணிக்கட்டைத் திருப்பி, 'என்ன மாதிரி?' என்று கேட்டார். பொய்ப்பனி அவர் கையில் விழுந்துகொண்டிருந்தது. அவர் கையை இறக்கவில்லை. மிருணாளினியின் ஒரு கை தோளில் இருந்த ஸ்கீகளைப் பிடித்திருந்தது, மற்றக் கையில் இரண்டு தடிகள். ஓம் என்றோ வேண்டாம் என்றோ காட்ட ஒரு கையும் மிச்சமில்லாமல் அப்படியே நின்றாள்.